கோடிங் என்றால் கோடுதானே, டீச்சர்?

எங்கள் பழைய பள்ளிக்கு ரோபோ வந்துவிட்டது. இப்போது அங்கே வேலை பார்க்கும் யோகிதா டீச்சர் படம் அனுப்பியிருந்தார். மேசைமேல் கையளவு ரோபோ ஒன்று. அதைச் சுற்றிப் பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் சங்கத் தலைவர், மாலை போட்ட ஒரு பிரமுகர், அந்தப் பிரமுகரின் காரோட்டி. இவர்களுக்குப் பின்னால் எங்கேயோ சில மாணவர்களின் நெற்றிகள் தெரிந்தன. கூடவே ஒரு குரல் பதிவு.

"டீச்சர், இனிமே ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் கோடிங் லா. முன்னாடி நீங்கதான் கோடிங் கிளப் நடத்துனீங்களாமே, பழைய ஃபைல்ல பாத்தேன். ஆண்டு மலருக்கு அந்த அனுபவத்த ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா."

ஃபைலில் அப்படித்தான் இருக்கும். ஃபைலில் நான் கணினி வல்லுநர். நிஜத்தில், அவர் அனுப்பிய அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு மருமகள் தேவைப்பட்டாள். நான் சொல்ல வேண்டியது ஒரு பக்கத்தில் அடங்காது. ஆண்டு மலரில் போடவும் மாட்டார்கள். அதனால் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக எழுதுகிறேன்.

நான் ஆசிரியரானதில் பெரிய இலட்சியம் எதுவும் கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு உலகத்தில் இரண்டே வேலைகள் இருப்பதாக அப்பா நம்பினார்: தாதி, டீச்சர். இரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும். அவ்வளவுதான் கதை. பயிற்சிக் கல்லூரியில் பாடத்தின் நோக்கத்தை அழகாக எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பாடத்தை எப்படி நடத்துவது என்பதைப் பிறகு பிள்ளைகள் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் நியமனம் பண்டார் தெங்காரா பக்கம், நாலாபுறமும் செம்பனை சூழ்ந்த சின்னப் பள்ளி. முதல் ஆசிரியர் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். போய்ச் சேருவதற்குள் சீருடை இயக்கத்தின் பொறுப்பை என் பெயரில் எழுதியிருந்தார்கள். மோர்ஸ் குறியீட்டை ஒரு கையேட்டிலிருந்து முந்தைய நாள் நான் படித்து, மறுநாள் விசிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். செம்பனைக்குள் பிரிந்து நின்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள். பாதிச் செய்தி நாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் விசில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட மாதிரி என் இலக்கணப் பாடத்தை எவரும் கேட்டதில்லை. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, பல பள்ளிகள் மாறி, கடைசியில் உலு திராம் வந்து சேர்ந்தேன்.

அங்கே தலைமையாசிரியர் குணசேகரன் சார். எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "ஆதாரம் இருக்கா டீச்சர்?" கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருநாள் சொன்னேன். வராத தண்ணீரைப் படம் பிடித்து ஃபைலில் வைக்கச் சொன்னார். பிடித்து வைத்தேன். காய்ந்த குழாய், நான்கு கோணங்களில். இன்றும் இருக்கும்.

அவருடைய இன்னோர் அக்கறை தலைமுடி. இடது காதுக்கு மேலே நீளமாக வளர்த்த முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, உச்சந்தலையைக் கடத்தி, வலது காதுக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார். காலைச் சபைகூடலில் அவர் கண் கொடியைவிட்டு நகராது. நாட்டுப்பற்று என்று முதலில் நினைத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தலையைத் திருப்புகிறார் என்பது புரியக் கொஞ்ச நாளானது. அந்தத் தலையைப் பற்றிப் பள்ளியில் எவரும் வாய் திறப்பதில்லை. புதிதாக வந்த ஓர் ஆசிரியர், முடி வளரும் தைலம் ஒன்றைப் பற்றி ஆசிரியர் அறையில் வெள்ளந்தியாகப் பேசினார். அந்த ஆண்டு முழுக்க வெயிலில் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பு அவருக்கு வந்தது.

இந்த நிலையில்தான் ஒவ்வொரு பள்ளியிலும் கோடிங் கழகம் தொடங்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்களிடம் கணினி அறை இருந்தது. கணினிகளும் இருந்தன. கூரை ஒழுகியதில் சில கணினிகள் கண் மூடிவிட்டன. மீதி இருந்தவற்றின் விசைப்பலகைகளில் எறும்புகள் குடியேறி, குடும்பம் பெருகி, வசதியாக வாழ்ந்துகொண்டிருந்தன. சார் என்னை அழைத்தார்.

"டீச்சர், நீங்க மோர்ஸ் கோடு எல்லாம் சொல்லிக் குடுத்தவங்கதான?"

"ஆமா சார். அது விசில்ல."

"கோடிங்னா கோடுதானே டீச்சர்?"

"இல்ல சார், இது கம்ப்யூட்டர் கோடிங்."

"சுற்றறிக்கையில கம்ப்யூட்டர்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

மேலிருந்து கீழே படித்தேன். எழுதிய புண்ணியவான் அந்தச் சொல்லை மட்டும் போடவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. கழகம் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் பாதிப் பிள்ளைகள் அடிக்கோலோடு வந்தார்கள். கோடு போடும் கழகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருவகையில் அவர்களும் சாருடைய கட்சிதான். அடிக்கோலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு இரகசியக் குறியீடுகளின் கதையைத் தொடங்கினேன். மாட்டுச் சந்தையில் தோள் துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசி முடிப்பதைச் சொன்னேன். கைக்குட்டையை மூடிக்கொண்டு அழிப்பானுக்கும் பென்சிலுக்கும் அன்றே பேரம் நடந்தது. எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதிப் படைகளுக்கு ஆணை அனுப்பிய ரோமாபுரித் தளபதியைச் சொன்னேன். கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றில் எழுதிய தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, மறைந்த எழுத்து பழுப்பாக வெளிவருவதைக் காட்டினேன். போர்க்காலத்தில் தட்டச்சுப் பொறி மாதிரியான ஓர் இயந்திரம் செய்திகளைக் குழப்பி அனுப்பியதையும், அதை அவிழ்க்கக் கணக்கு வல்லுநர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"அவங்களுக்கு ரெஸ்ட் டைம் உண்டா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். மனித வரலாற்றை எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடித்தான்.

பழைய கிரேக்கக் கதை ஒன்றும் உண்டு. ஓர் அடிமையின் தலையை மழித்து, தோலில் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்து மூடியதும் அனுப்பி வைத்தார்களாம். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி மழித்துப் படித்தார்களாம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியே குணசேகரன் சார் நடந்து போனார். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. "டீச்சர், அப்ப நம்ப சார் தலையில..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது. நான் அவசரமாக அடுத்த பாடத்துக்குப் போனேன்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது நான் தமிழ் எழுத்துகளை வைத்துச் செய்த எண் குறியீடு. மெய்யெழுத்துக்கு வரிசைப்படி ஓர் எண்: க் ஒன்று, ங் இரண்டு, ச் மூன்று. உயிரெழுத்துக்கும் அப்படியே: அ ஒன்று, ஆ இரண்டு. மெய் எண்ணை முன்னால் போட்டு உயிர் எண்ணைப் பின்னால் போட்டால் எழுத்து வந்துவிடும். மா என்றால் பத்து, இரண்டு. புள்ளி வைத்த எழுத்துக்குப் பின்னால் சுழியம். அவிழ்ப்பதற்கான அட்டவணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் தொங்கியது. அதை யாருமே பார்ப்பதில்லை என்பதால் இரகசியம் மிகப் பாதுகாப்பாக இருந்தது. ரகரத்துக்குப் பதில் றகரம் போட்டால் நம் உளவாளி மாட்டிக்கொள்வான் என்றேன். நான் வருடக்கணக்காகச் சிவப்பு மை ஊற்றியும் வராத றகரம் ஒரே வாரத்தில் வந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் கழகத்தைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் எண்களைப் பரபரவென்று எழுதி அவிழ்ப்பதைப் பார்த்து அசந்துபோய், என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். குணசேகரன் சார் கண்ணிமைக்காமல், "நெடுங்கணக்கு" என்றார். அகர வரிசைக்கு நம் பழம்பெயர் அது. அதிகாரி எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார். அந்த ஆண்டு எங்களுக்குப் புத்தாக்கச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கணினி அறைக் கதவில் மாட்டினார்கள். அறை பூட்டியே இருந்ததால் சான்றிதழுக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை.

ஆபத்து கட்டொழுங்கு ஆசிரியர் மணிமாறன் சாருடைய உருவத்தில் வந்தது. குண்டர் கும்பல்களைப் பற்றிய ஒருநாள் விளக்கக் கூட்டத்துக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். கும்பல்கள் எண்களை அடையாளமாக வைத்திருக்கும் என்று அங்கே படம் போட்டுக் காட்டினார்களாம். திரும்பி வந்த மனிதர் எண் கண்ட இடமெல்லாம் கும்பலைக் கண்டார். பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இரண்டாம் ஆண்டு வகுப்பின் வெளித் தூணில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்கள் அவர் கண்ணில் பட்டன. மறுநாள் பார்த்தால் பழையது அழிந்து வேறு எண்கள். அதற்கடுத்த நாள் இன்னும் வேறு. ஒளிந்திருந்து ஆளைப் பிடித்தார். ஐந்தாம் ஆண்டு தர்ஷினி. என் கழகத்துப் பிள்ளை. குட்டையாக, ஒற்றைப் பின்னலோடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண். அதே இரண்டாம் ஆண்டு வகுப்பில் அவளுடைய தம்பி ரூபன் படித்தான்.

"இப்ப பொம்பளப் பிள்ளைங்களையும் சேக்கிறானுங்க சார்," என்று மணிமாறன் சார் தலைமையாசிரியர் அறையில் முழங்கினார். "போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிறலாம்."

என்னையும் வரவழைத்திருந்தார்கள். குற்றவாளிக்கு ஆயுதம் கொடுத்தவள் என்ற முறையில். தர்ஷினி சுவரோரம் நின்றாள். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

"கழகத்துல நான் சொல்லிக் குடுத்த கோடு சார் இது. வெளையாட்டுக்கு எழுதியிருப்பா," என்றேன்.

"வெளையாட்டுன்னா என்னா எழுதியிருக்குன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் சொல்ல மாட்டேங்கிறா?" என்றார் மணிமாறன் சார். வாழ்க்கையில் ஒருமுறை அவர் சரியான கேள்வி கேட்டார்.

"பேரன்ட்ஸ் வரட்டும்," என்றார் குணசேகரன் சார். அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்கள். பதிவில் இருந்தது தகப்பனார் எண். தேர்வறிக்கை வாங்க வரச் சொல்லி எத்தனையோ முறை அழைத்தும் எடுக்காத எண், அன்று முதல் மணியிலேயே எடுத்ததாம்.

வந்தவர் மரியாதையான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, வாசனைத் தைலம், கையில் ஆசிரியர்களுக்கு ஒரு பெட்டி கேக். சாருக்கு வணக்கம் சொன்னார். எனக்கும் சொன்னார். மகளைப் பார்த்து, "இங்க வாம்மா" என்று கையைத் தூக்கினார். தர்ஷினி சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். மழை விழுந்தால் குனிகிற மாதிரி, யோசிக்காமல். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பார்ப்பவர்களுக்குப் பாசமாகத்தான் தெரியும்.

"தப்பு என் மேலதான் சார்," என்றார் அவர். "ரெண்டு மாசமா பிள்ளைங்க என் கூட இல்ல. அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டா. எங்க வச்சிருக்கான்னே தெரியல. அவ தங்கச்சியக் கேட்டேன், சத்தியமா இங்க இல்லங்கிறா. பெத்தவன் மனசு எப்படியிருக்கும் சொல்லுங்க. இப்ப இருக்கிற அட்ரஸ் உங்ககிட்ட இருந்தா குடுத்துருங்க சார், நான் பாத்துக்கிறேன்."

மணிமாறன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாகத் தன் கைப்பேசியை எடுத்து, அன்று காலை தூணில் எடுத்த படத்தைக் காட்டினார். "பாருங்க, இதத்தான் எழுதியிருக்கா."

தகப்பனார் படத்தை உற்றுப் பார்த்தார். எண்கள் அவருக்குப் புரியவில்லை. கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "உங்க கோடுங்கிறீங்க. படிங்க டீச்சர், கேப்போம்."

மூன்று மூன்று. ஏழு சுழியம். ஏழு மூன்று. பதினான்கு நான்கு. ஐந்து ஐந்து.

அந்தக் குறியீட்டை நானே செய்தேன் என்று ஏற்கெனவே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதற்கு அட்டவணை பார்க்கும் நேரம்கூட எனக்குத் தேவையில்லை என்பதுதான் அந்த நிமிடத்தில் இருந்த கஷ்டம். சித்தி வீடு. ஐந்து எழுத்துகள், அவ்வளவுதான். அவருடைய விரல்கள் இன்னும் அந்தச் சின்ன மணிக்கட்டில் இருந்தன. தர்ஷினி முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. ஒரு பெரிய மனுஷி இன்னொருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

எத்தனையோ பொய்கள் சொல்லியிருக்கலாம். 'நல்ல பிள்ளை' என்று சொல்லியிருக்கலாம். 'நாளை தேர்வு' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி ஒன்றைச் சொன்னால், அதைச் சொல்லாமல் அவள் ஏன் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தாள் என்று கேட்பார்கள். ஒரு பிள்ளை தலைமையாசிரியர் முன்னால் செத்தாலும் சொல்ல மாட்டாத சொல்லாக இருக்க வேண்டும். என் கண் போகக்கூடாத இடத்துக்குப் போனது.

"வழுக்கை," என்றேன்.

மணிமாறன் சார் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். குணசேகரன் சாருடைய வலது கை மெல்ல எழுந்து தலைவரை போய், எதையும் தொடாமல் மேசைக்குத் திரும்பியது. தகப்பனார்தான் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் மகளின் கையை விட்டுவிட்டார்.

"மன்னிச்சிருங்க சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாயாடி."

சாருடைய முகம் சிவந்திருந்தது. தர்ஷினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மணிமாறன் சார், இந்தப் படத்த அழிங்க."

"சார், ஆதாரம்..."

"என் தலையப் பத்தி எழுதினத நீங்க போன்ல வச்சுக்கிட்டுச் சுத்துவீங்களா? அழிங்க. என் கண் முன்னால." மணிமாறன் சார் அழித்தார். ஆதாரத்தை அழிக்கச் சொல்லிக் குணசேகரன் சார் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் தடவை அது. மனிதருக்குத் தலை என்று வந்தால் ஃபைல்கூட இரண்டாம் பட்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ வாளியும் துணியும் எடுத்துக்க," என்று தர்ஷினியிடம் கத்தினார். "அந்தத் தூண மட்டுமில்ல, அந்த வரிசைத் தூண் அத்தனையும் கழுவணும். இப்பவே. போ!"

அவள் ஓடினாள்.

"சார், நான் பிள்ளைங்கள இப்பக் கையோட கூட்டிட்டுப் போயிர்றேன்," என்றார் தகப்பனார்.

"தண்டனை முடியாம ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். என் ஸ்கூல்ல என்னைய வழுக்கைன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சாளா?" மேசையைத் தட்டினார். "நீங்க போயிட்டு ரெண்டு மணிக்கு வாங்க. தம்பியையும் அப்பவே கூட்டிட்டுப் போங்க."

"சரி சார். அந்த அட்ரஸ்..."

"அதுக்கு ஃபார்ம் இருக்கு. நிரப்பிக் குடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன். பதில் வந்ததும் கூப்பிடுவோம்."

எங்கள் அலுவலகத்தில் நிரப்பிய எந்த ஃபாரத்துக்கும் மேலிடத்திலிருந்து பதில் வந்து நான் பார்த்ததில்லை. தகப்பனாருக்கு அது தெரியாது. சாரின் கோபத்தைப் பார்த்து மறுபடியும் சிரிப்பு வந்ததால், சண்டை போட அவருக்கு மனமில்லை. பொறுமையாக உட்கார்ந்து பெரிய எழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அறையை விட்டு வெளியே வரும்போது, முடிக்காக ஒரு குழந்தையை வெயிலில் நிறுத்துகிற ஆளிடம் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேனே என்று பற்றிக்கொண்டு வந்தது.

தர்ஷினி தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் போய் ரொம்ப நேரமாகியிருக்கும், இன்னும் தேய்த்தாள். "தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"வகுப்புல இருக்கான். அம்மாவ எப்படிப் புடிக்கிறது, சொல்லும்மா."

"கேன்டீன் அக்கா."

கேன்டீன் லெட்சுமி அக்கா நான் சொன்னதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். "அலமாக், அந்த ஆளு ஸ்கூலுக்கே வந்துட்டானா?" அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. தாய் சுமதி பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. கையை ஓங்குகிற புருஷனைவிட்டு இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளைகளோடு வெளியேறியவர், ஒருநாள் தங்கை வீடு, ஒருநாள் மாதா கோயிலில் பழக்கமான குடும்பம் என்று மாறி மாறித் தங்கினார். அன்றைக்கு யார் வீடு என்பது அவருடைய வேலை நேரத்தைப் பொறுத்தது. ஓய்வு நேரத்தில் அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி வரும். அக்கா தர்ஷினியிடம் சொல்வார். சின்ன வகுப்புகளுக்கு ஓய்வு நேரம் வேறு, வீட்டுக்குப் போகும் நேரமும் முன்னாலேயே. தம்பியை நேரில் பார்க்க முடியாது. அதனால் அவன் வகுப்புத் தூணில் எழுதி வைப்பாள். ரூபன் வீட்டுக்குப் போகும் நேரத்தில் சுவரிலிருந்த அட்டவணையில் விரல் வைத்து எண்ணிப் படித்துவிட்டு, சரியான வேனில் ஏறுவான்.

"அந்தப் பொடியன் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கஷ்டப்படுவான் டீச்சர்," என்றார் அக்கா. "இத மட்டும் படிச்சிருவான்."

ஒரு தளபதியையும் ஓர் அடிமையையும் ஓர் இயந்திரத்தையும் வைத்து நான் குறியீட்டின் பயனை விளக்கிக்கொண்டிருந்தேன். பயன்படுத்திக்கொண்டிருந்தவள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா கூப்பிட்டுச் சொன்னதும், சுமதி தொழிற்சாலைச் சீருடையோடு, தங்கையின் காரில் பின் வாசலுக்கு வந்தார். "நான் இதுவரைக்கும் ரிப்போர்ட் பண்ணல டீச்சர். மானம் போயிரும்னு இருந்தேன். இனிமே முடியாது. நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்." பிள்ளைகளை ஏற்றினார். வாளியையும் துணியையும் நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குச் சொன்னபடி தகப்பனார் வந்தார். அலுவலக வாசலிலேயே குணசேகரன் சார் நின்றார். தண்டனை முடிந்துவிட்டது, அவங்கம்மா வந்து கூட்டிப் போய்விட்டார், தாயிடம் தர மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்த முறை அந்த மனிதர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த பூந்தொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். இஸ்திரி போட்ட சட்டைக்குள் இருந்த ஆளை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மணிமாறன் சார்தான் குறுக்கே பாய்ந்து பிடித்தார். அந்த வேலையில் அவர் நிஜமாகவே கெட்டிக்காரர். கடைசியில் ஒரு போலீஸ் புகார் போனது. கும்பலைப் பற்றி அல்ல.

சமூக நல அதிகாரிகள் வந்தார்கள். நீதிமன்றத்தில் சுமதிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அவர்களை வேறு பள்ளிக்கு மாற்றுவதென்று முடிவானது. எங்கள் கழகத்தை அதற்குள் மூடிவிட்டார்கள். உண்மையான கோடிங் சொல்லித்தரத் தட்டைக் கணினிகள் வந்திறங்கின. அவற்றுக்கு மின்னேற்றும் கம்பிகள் தனியாக வருமாம், வந்துகொண்டே இருந்தன. சார் என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நடைபாதையில் எதிரே வந்தால் இருவருமே வேறு எதையாவது பார்ப்போம்.

சில வாரங்கள் கழித்து, பள்ளி மாற்றுக் கடிதம் வாங்கச் சுமதி இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. கடிதத்தை எழுத என்னையும் அழைத்திருந்ததால் நானும் அறையில் இருந்தேன்.

"சார், இவ உங்களப் பத்தி அசிங்கமா எழுதிட்டாளாம். எனக்குத் தல நிமிரவே முடியல," என்றார் சுமதி. அவருக்கு யாரோ பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "மன்னிச்சிருங்க சார். தர்ஷினி, சாருகிட்ட மன்னிப்புக் கேளு."

தர்ஷினி தரையைப் பார்த்தாள். தகப்பன் மணிக்கட்டைப் பிடித்தபோது அழாத பிள்ளை, இப்போது பொலபொலவென்று அழுதாள்.

"நான் அத எழுதல சார். நான் ஒங்கள அப்படி எழுதவே இல்ல."

சுமதி என்னைப் பார்த்தார். நான் மாற்றுக் கடிதத்தில் இருந்த பெயரின் எழுத்துகளைச் சரிபார்ப்பதில் மும்முரமானேன்.

"தெரியும்மா," என்றார் குணசேகரன் சார். "வழுக்கைக்கு நாலு எழுத்து. நீ அஞ்சு எழுதியிருந்த."

என் பேனா நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

"அப்ப என்னா எழுதியிருந்துச்சுன்னும் படிச்சிட்டீங்களா சார்?" என்று தர்ஷினி பயத்தோடு கேட்டாள்.

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, தாயிடம் கொடுக்காமல் அவளிடமே நீட்டினார்.

"இல்லம்மா," என்றார். "அது தம்பிக்கு எழுதுனதுதான."